நாலு பேராகப் பாடியவள்

ஹெப்சிபா டீச்சருக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று பாளையங்கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். சுருதி விலகிப் பாடுகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படி இருந்துவிட்டால் அதற்கு அவள் என்ன செய்ய முடியும்?

பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் அவள் மனதில் அது இரண்டாவது உத்தியோகம்தான். முதல் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலில் கொயர் என்கிற பாடகர் குழுவோடு நின்று ஆல்ட்டோ பாடுவது. ஆல்ட்டோ என்றால், மெட்டைப் பாடும் சொப்ரானோ பெண்களுக்குக் கீழே போகும் இரண்டாவது பெண்குரல். பாட்டின் அழகான வளைவுகளெல்லாம் சொப்ரானோவுக்குப் போய்விடும். ஆல்ட்டோவுக்கு மிஞ்சுவது ஒரே இடத்தில் நின்று நின்று நகரும் இரண்டு மூன்று ஸ்வரங்கள். இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இல்லாவிட்டால் பாட்டு சப்பென்று ஆகிவிடும், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

"மெட்டை யாரு வேணும்னாலும் பாடலாம். அதுக்கு ஒரு தொண்டை போதும். ஆல்ட்டோவுக்கு மண்டை வேணும்" என்பாள். சொப்ரானோ பெண்கள் காதில் விழும்படித்தான் சொல்வாள்.

கணினிப் பக்கம் அவள் வந்தது கொரோனா காலத்தில். கோவிலைப் பூட்டிவிட்டார்கள். பாடகர் குழு ஆட்கள் வீட்டிலிருந்தே பாடிக் கைபேசியில் பதிந்து அனுப்ப, யாராவது ஒட்டித் தைத்துப் பாட்டாக்க வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் வேலை ஹெப்சிபாவிடம் வந்தது. வந்த பதிவுகளைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஒருத்தி குக்கர் விசிலோடு பாடியிருந்தாள். டெனர் என்கிற மேல் ஆண்குரல் பாடுகிற ஒருவர், குரல் கணீரென்று கேட்க வேண்டுமென்று குளியலறையில் நின்று பாடியிருந்தார். பின்னால் வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெங்களூருக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன கணினியில், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொருவர் குரலும் திரையில் தனித்தனிக் கோடாக, ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றது. டிராக் என்றார்கள் அதை. எந்த டிராக்கையும் ஏற்றலாம், இறக்கலாம், இருமலை மட்டும் வெட்டி எறியலாம். மியூட் என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் அந்த ஆள் அந்தப் பாட்டில் இல்லை. பிறர் வாயை அடைக்க ஒரு பொத்தான் வாழ்நாளில் முதன்முறையாக அவளுக்குக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டாள்.

பிறகு நல்ல மைக் வாங்கினாள். ஹெட்ஃபோன் வாங்கினாள். மகனுடைய அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்து, வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து மாட்டினாள். கோவில் திறந்த பிறகும் ஆட்கள் பாட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவள் கணவர் எஸ்றாவுக்குக் கெட்ட நேரம் பிடித்தது. மின்வாரியத்தில் கணக்கராக இருந்து, ஒருவரிடமும் உரக்கப் பேசாமல் ஓய்வு பெற்ற மனிதர். நாலு பேர் உசுப்பேற்றிவிட்டதில், சபையின் நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டிக்குப் போட்டியிட்டார். ஆண்டவருடைய கோவிலுக்குள் நடக்கிற அந்தத் தேர்தலில் இருக்கும் குழிபறிப்பு, சட்டசபைத் தேர்தலில்கூட இருக்காது. எஸ்றாவின் அணி மண்ணைக் கவ்வியது. அடுத்த மாதமே, 'இளையவர்களுக்கு வாய்ப்பு' என்ற பெயரில் பாடகர் குழு திருத்தியமைக்கப்பட்டது. தோற்ற அணியின் வீடுகளில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் வயதாகிவிட்டது. ஹெப்சிபா நின்ற இடத்தில், புதுச் செயலாளரின் மனைவி ஜெசி நின்றாள். இளையவளாம். ஹெப்சிபாவைவிட மூன்று வயது சின்னவள்.

குழுவின் தலைவர் பாக்கியசீலன் சார், இருபது வருஷம் அவளுக்கு முன்னால் நின்று கையை ஆட்டியவர். அன்றைக்கு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் கமிட்டி தீர்மானம் டீச்சர்" என்றார். அவ்வளவுதான் அவருடைய முதுகெலும்பு.

அதிலிருந்து ஹெப்சிபா சபையாரோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கென்ன என்று வெளியே சொல்லிக்கொண்டாள். உள்ளே வெந்துகொண்டிருந்தாள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் போகட்டும், கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனையில் அந்த வரிசையில் நின்று பாடிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தன் ஜெபத்தில்கூட அதைத்தான் கேட்டாள், கொஞ்சம் மிரட்டலாகவே.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம், பாக்கியசீலன் சாரும் ஜெசியும் வீட்டுக்கு வந்தார்கள். வெட்கம் என்பது இருக்கிறவர்கள் வந்திருக்கமாட்டார்கள்.

"டீச்சர், சார் ஒரு புதுக் கிறிஸ்மஸ் பாட்டு எழுதியிருக்காங்க" என்றாள் ஜெசி. "அதை ரெக்கார்டு பண்ணி யூடியூப்ல போடணும்னு கமிட்டியில பேசியிருக்கு. நீங்கதான் பண்ணித் தரணும்."

"நான் கொயர்லயே இல்லையே."

"பாடுததுக்கு நாங்க இருக்கோம்லா அக்கா. நீங்க கம்ப்யூட்டரை மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்."

உள்ளறையில் எஸ்றா தொண்டையைக் கனைத்தார். வேண்டாம் என்று சொல்லிவிடு என்பதற்கு அவர் வீட்டில் அதுதான் மொழி. ஹெப்சிபா நாலு பாகத்தையும் வாங்கிப் பார்த்தாள். வரிகள் வழக்கம்போலத்தான். நட்சத்திரம் வந்தது, இடையர் வந்தார்கள், குளிர் வந்தது. திருநெல்வேலியில் சார் எந்த டிசம்பரில் இவ்வளவு குளிரைக் கண்டார் என்று தெரியவில்லை. ஆனால் ஆல்ட்டோவுக்கு மூன்றாவது சரணத்தில் அவர் போட்டிருந்த நகர்வு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"சரி, செய்யுதேன்" என்றாள்.

நல்ல மைக் ஒன்றே ஒன்று இருந்ததால், ஒவ்வொருவரும் தனியாக வந்து, ஹெட்ஃபோனில் கீபோர்டைக் கேட்டுக்கொண்டு தன் பாகத்தைப் பாட வேண்டும் என்று சொல்லிவைத்தாள். பதிவு நாளன்று பெண்களெல்லாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களைப்போல வந்திறங்கினார்கள். போட்டோ எடுப்பார்கள் என்று ஜெசி சொல்லியிருந்தாளாம். அத்தனை பேரும் கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் சேலை. மூச்சை இழுத்தால் சேலை மொறுமொறுவென்றது. கையை அசைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் மைக்கில் ஏறியது.

"இப்படி வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கு எல்லாரும் நைட்டி போட்டுட்டு வாங்க" என்றாள் ஹெப்சிபா.

ஜெசிக்கு முகம் சிவந்துவிட்டது. "நைட்டியைப் போட்டுக்கிட்டா ஆண்டவருக்குப் பாடுதது?"

"ஆண்டவருக்குச் சேலைச் சத்தம் கேக்காது. மைக்குக்குக் கேக்கும்."

மறுநாள் துவைத்துத் துவைத்துத் துவண்டுபோன பழைய சேலைகளில் வந்தார்கள். அந்த மட்டில் வெற்றி. ஆனால் அடுத்த தொல்லை காத்திருந்தது. கோவிலில் பாட்டு முடிந்தவுடன் 'ஸ்தோத்திரம்' சொல்லிப் பழகிய நாக்குகள் அவை. கடைசி ஸ்வரம் அடங்க ஒரு மூச்சு நேரம் வேண்டும், பேசாமல் நில்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஒருவர் தவறாமல் அத்தனை பேரும், கடைசி ஸ்வரத்தின் முதுகிலேயே 'ஸ்தோத்திரம்' என்றார்கள். பேஸ் என்கிற கீழ் ஆண்குரல் பாடுகிற ஒருவர் கூடவே கையையும் தட்டினார். ஒவ்வொருவர் டிராக்கிலும் போய் ஸ்தோத்திரத்தை வெட்டி எடுப்பது அவள் தலையில் விழுந்தது. பாவம் பிடிக்குமே என்று எஸ்றா பயந்தார்.

அதெல்லாம் போகட்டும். சொப்ரானோ ஒப்பேற்றக்கூடியதாக இருந்தது. டெனரும் பேஸும், பூசி மெழுகினால் தேறும். ஆல்ட்டோதான் சந்தி சிரித்தது. ஜெசி, அவள் நாத்தனார், ஒரு நர்ஸ், ஒரு கல்லூரிப் பெண் என்று நாலு பேர். நாலு பேரும் முதல் வரியை ஒழுங்காகத் தொடங்கினார்கள். இரண்டாவது வரியில் பைய மேலே ஏறி, சொப்ரானோவின் மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் பாகம் மறந்துபோனதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஜெசியை ஐந்தாறு தடவை பாடவைத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே நம்பிக்கையோடு ஜெசி ஏறினாள்.

"இப்போ நல்லா வந்துருக்கு, இல்லாக்கா?" என்று வேறு கேட்டாள்.

கொஞ்சம் விலகிய சுருதியை இழுத்து நேராக்க மென்பொருளில் வழி இருந்தது. தப்பாகப் பாடினால் திருத்தலாம். வேறு பாட்டையே பாடினால் எதைத் திருத்துவது? இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்தாள். திருத்தத் திருத்த நாலு பெண்களும் தகர டப்பாவுக்குள் நின்று பாடுவதுபோல் ஆனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், மழை விட்டிருந்த வேளையில், ஹெப்சிபா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்ஃபோனைத் தானே மாட்டினாள். முதலில் மைக்குக்கு நேராக நின்று ஒரு தடவை பாடினாள். பிறகு ஒரு எட்டு தள்ளி நின்று, குரலைக் கொஞ்சம் மெலிதாக்கிக்கொண்டு இன்னொரு தடவை. பிறகு இடது பக்கமாகத் திரும்பி நின்று. பிறகு உட்கார்ந்துகொண்டு, வாயைச் சற்று அகட்டி, கல்லூரிப் பெண்ணைப்போல. நாலு டிராக்கையும் சேர்த்து ஓடவிட்டால் நாலு பெண்கள் பாடினார்கள். நாலு பேருக்கும் மண்டை இருந்தது. ஜெசியின் டிராக்கையும் மற்ற மூன்றையும் மியூட் செய்தாள். அந்தப் பொத்தான் அவ்வளவு இனிப்பாக அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

வெளியே இருந்து நாலு தடவையும் கேட்டுவிட்டு எஸ்றா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"இது களவுல்லா ஹெப்சி?"

"யார் வீட்டுல களவாண்டேன்? என் குரலு."

"அவங்ககிட்ட சொல்லீரு."

"சொல்லவே வேண்டாம். கேட்டதும் சாருக்குத் தெரியும்."

அதுதான் அவள் போட்ட கணக்கு. அவளுடைய ஆல்ட்டோவுக்கு ஓர் அடையாளம் உண்டு. பாட்டு முடிந்து மற்றவர்கள் நிறுத்திய பிறகும், அவள் கடைசி ஸ்வரத்தை ஒரு இழுப்பு கூடுதலாக இழுப்பாள். இருபது வருஷமும் பாக்கியசீலன் சார் சுட்டு விரலை அவள் பக்கம் மடக்கி, போதும் போதும் என்று காட்டுவார். அந்த இழுப்பை அவள் இந்தப் பதிவில் வெட்டாமல் வேண்டுமென்றே விட்டுவைத்தாள். கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடுவதைப்போல. அந்த இடம் வந்ததும் சார் திடுக்கிடுவார், விரலை மடக்குவார், யாரைப் பாடகர் குழுவை விட்டு அனுப்பினோம் என்று அவருக்கு உறைக்கும். கிறிஸ்மஸுக்குள் கூப்பிட்டுவிடுவார். மற்றவர்களுடைய மூளையைப் பற்றி அவ்வளவு குறைவாக நினைக்கிற ஹெப்சிபா, பாக்கியசீலன் சாருடைய காதை மட்டும் ஏன் அப்படி நம்பினாள் என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோவிலை ஒட்டிய மண்டபத்தில் பாட்டை வெளியிட்டார்கள். டீயும் கேக்கும் இருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. செயலாளர் பேசினார். சபைக் குருவான ஐயரவர்கள் ஜெபித்தார்கள். பெரிய ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. மூன்றாவது சரணத்தில் ஆல்ட்டோ நகர்ந்தபோது மண்டபம் அப்படியே அடங்கியது. கேக்கைக் கடித்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள். ஹெப்சிபா தூண் ஓரமாக நின்று பாக்கியசீலன் சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்வரம் வந்தது. எல்லாக் குரல்களும் நின்றன. அவள் குரல் மட்டும், நாலு பேருடைய குரலாக, ஒரு இழுப்பு கூடுதலாக நின்று அடங்கியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விரல் மடங்கவில்லை. கண்ணோரத்தில் ஈரம் மட்டும் தெரிந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் அவளிடம் வந்தார். "டீச்சர், உங்க ரூம்ல என்னமோ இருக்கு. அருமையா பதிஞ்சிருக்கீங்க."

"ஆல்ட்டோ எப்படி இருக்கு சார்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நாலு பேரும் ஒரே ஆளு மாதிரி பாடியிருக்காங்க, பாருங்க."

ஹெப்சிபா ஒரு எட்டு நெருங்கினாள். "அந்தக் கொரல் யாருதுன்னு தெரியலையா சார்?"

"தெரியாம இருக்குமா?" என்று சிரித்தார் பாக்கியசீலன் சார். "முன்னால நிக்குதது ஜெசியம்மா கொரல்லா. கண்ணை மூடிக்கிட்டே சொல்லீருவேன். அதுலயும் கடைசியில ஒரு இழுப்பு போட்டிருக்காங்க. நான் சொல்லிக் குடுக்கலை, அவங்களா போட்டது. என்ன ஒரு ஞானம்!"

பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு நல்ல சேதி சொல்கிறவரைப்போலச் சொன்னார்: "உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, ஆல்ட்டோ கொஞ்சம் பலவீனமா இருக்கு, கிறிஸ்மஸுக்கு மட்டுமாவது டீச்சரைக் கூப்பிடலாம்னு நான் கமிட்டியில பேசி, அவங்களும் சரின்னுட்டாங்க. இப்போ இதைக் கேட்ட பொறவு செயலாளர் வேண்டாம்னுட்டாரு. இவ்வளவு நல்லா பாடுதாங்க, எதுக்கு வயசான காலத்துல டீச்சருக்குத் தொந்தரவுங்காரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது."

ஹெப்சிபா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஜெசி நாலைந்து பெண்கள் நடுவில் நின்று, தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குமா தெரியாது? தெரியாது. ஒரு துளி சந்தேகம்கூட அந்த முகத்தில் இல்லை. தான் அப்படித்தான் பாடுகிறோம் என்று அவள் என்றைக்கும் நம்பி வந்திருக்கிறாள். இப்போது கேட்டும் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஹெப்சிபா கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். எட்டு ஆல்ட்டோ டிராக்கும் அப்படியே இருந்தன. ஜெசியின் டிராக்கைத் தனியாக ஓடவிட்டு நாலு பேரைக் கேட்கவைத்தால் போதும், சாயம் வெளுத்துவிடும்.

"இப்போவாவது போய்ச் சொல்லீரு" என்றார் எஸ்றா.

"என்னன்னு சொல்ல? நாலு பொம்பளைங்க கொரலைத் தூக்கிப் போட்டுட்டு நானே பாடினேன்னா? தோத்துப்போனவன் பொண்டாட்டி, பொறாமையில கம்ப்யூட்டர்ல கோல்மால் பண்ணிட்டாம்பாங்க."

"பொறாமையில தானே பண்ணுன?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கரண்ட் பில் வந்திருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். ஹெப்சிபா அவரை முறைத்தாள். பிறகு கணினியை அணைத்துவிட்டு, கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜெசியை மியூட் செய்ததாக அவள் நினைத்திருந்தாள். அந்தப் பொத்தான் திரும்பித் தன்னையே அடைத்துவிட்டது என்று இப்போதுதான் தெரிந்தது. எஸ்றா கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

கிறிஸ்மஸ் வரைக்கும் ஊர் முழுக்க அந்தப் பாட்டுத்தான். கைபேசி அடித்தால் அது, ஆட்டோவில் ஏறினால் அது. தெருவில் போகிறபோதெல்லாம் ஹெப்சிபாவின் தொண்டை ஜெசியின் பெயரில் எதிரே வந்தது.

கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனைக்கு, பெஞ்சில் எஸ்றாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடவே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தாள். பாடகர் குழு எழுந்தது. புதுக் கஞ்சி மொறுமொறுக்க ஜெசி முன்னால் வந்து நின்றாள். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் ஜெசி ஏறினாள். மற்ற மூவரும் பின்னாலேயே ஏறினார்கள். மேலே ஒரே மெட்டைப் பெண்களெல்லாம் கூடிப் பாட, கீழே ஆண்கள் தனியாக உறுமிக்கொண்டிருக்க, நடுவில் ஆல்ட்டோ இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

ஒருவராவது முகம் சுளிக்க வேண்டுமே! சபை மொத்தமும் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. வாரக்கணக்காகக் கேட்ட பதிவுதான் அவர்கள் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பாடுவதை எவன் கேட்டான்? பாக்கியசீலன் சார் கண்ணை மூடிக் கையை ஆட்டினார். இவர்களுக்கு நல்ல பாட்டு எதற்கு என்று ஹெப்சிபாவுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆனால் மூன்றாவது சரணம் வந்ததும் அவளால் இருக்க முடியவில்லை. அந்த நகர்வு வருகிறது, பாட ஆள் இல்லை. பல்லைக் கடித்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே, மெதுவாகத்தான், தன் பாகத்தைப் பாடினாள். எஸ்றா கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். இரண்டாவது வரியில் அவள் மெதுவாகப் பாடுவதை மறந்துவிட்டாள். காலியான இடம் நிறைந்தது. பாக்கியசீலன் சார் கண்ணைத் திறந்து, ஜெசியின் வரிசையை மெச்சுகிற பார்வை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பாட்டு முடிந்து எல்லோரும் நிறுத்தினார்கள். ஹெப்சிபா தன் இழுப்பை இழுத்து முடித்துத்தான் நிறுத்தினாள். விரலை மடக்க ஆள் இல்லை.

முன் பெஞ்சில் இருந்த தங்கத்தாய், கோவிலுக்குப் பூ அலங்காரம் செய்கிற அம்மாள், கண் கலங்கத் திரும்பி ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமா பாடுதீங்க டீச்சர்! அப்படியே ரெக்கார்டுல ஜெசியம்மா பாடுத மாதிரியே இருக்கு. அந்தக் கடைசி இழுப்பு முதக்கொண்டு அச்சு அசலா அவங்களேதான். வீட்டுல போட்டுப் போட்டுக் கேட்டுப் பழகுனீங்களோ?"

ஹெப்சிபா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. உண்மையான சந்தோஷம்தான் இருந்தது.

"ஆமா" என்றாள். "இருபது வருஷமா பழகுதேன்."

தங்கத்தாய் புரியாமல் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஐயரவர்கள் ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள். எல்லோரோடும் சேர்ந்து ஹெப்சிபாவும் எழுந்து நின்றாள்.